வந்திருக்கு

‘வந்திருக்கு’ என்றுதான் போட்டிருந்தது. ‘வந்திருக்கா’ என்று இல்லை, ‘வந்திருக்காவ’ என்று இல்லை, ‘வந்திருக்கு’. ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு ஆறாவது தடவையாகப் படித்தார். துடைத்துவிட்டுப் படித்தால் எழுத்து மாறிவிடுமா என்ன. மாமா வீட்ல அம்மா வந்திருக்கு நேத்து சாயங்காலமே வந்திருச்சு வடிவு படுத்திருக்கா நான் டூட்டிக்குப் போறேன் நீங்க பதறாம மெதுவா வாங்க. மாப்பிள்ளை பாண்டித்துரைக்குப் புள்ளியும் கமாவும் வைத்துப் பழக்கமில்லை, ஒரே மூச்சில் அடித்து அனுப்பிவிட்டுத் தொழிற்சாலைக்குள் போய்விடுவார், உள்ளே போனால் சாயங்காலம் வரை போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். இவர் பாளையங்கோட்டையில் விடியற்காலை பஸ் ஏறி, மதுரையில் ஒரு காபி குடித்து, திருச்சி வந்து இறங்கி, துவாக்குடி போகிற டவுன் பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் போனைப் பார்த்தார். மணி ரெண்டரை. பஸ் இன்னும் கிளம்பவில்லை, முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் அசையாமல் தொங்கின. சீட்டு ரெக்சின் தொடையைச் சுட்டது. மடியில் மஞ்சள் பை, பைக்குள் நாலு சுற்றுத் தாள், அதற்கு மேல் பாலிதீன், இத்தனைக்கும் உள்ளே நெய்மீன் கருவாடு. மகள் வடிவு ஏழு மாதக் கர்ப்பிணி. போனில் வெட்கத்தை விட்டுக் கேட்டிருந்தாள், எப்பா, எனக்கு நம்மூர்க் கருவாடு தின்னணும்போல இருக்கு. கேட்ட பிள்ளைக்குக் கொண்டுபோகிற அப்பன் என்ற தோரணையில்தான் ஊரிலிருந்து கிளம்பினார். இப்போது அந்தப் பை மடியில் கனக்கிறது.

அவர் ஊரில் பெற்ற தாய் வந்தால் ‘அம்மா வந்திருக்கா’. மரியாதைப்பட்ட இடம் என்றால் ‘வந்திருக்காவ’. ‘அம்மா வந்திருக்கு’ என்றால் அது ஒன்றே ஒன்றுதான், அம்மை. முத்துப்போட்டு, காய்ச்சல் அடித்து, வேப்பிலைப் படுக்கையில் கிடக்கிற அம்மை. அதைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், அம்மா என்பார்கள், பயத்தில் அவ்வளவு பாசம். நேத்து சாயங்காலமே வந்திருச்சு. வடிவு படுத்திருக்கா. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும். பதறாம மெதுவா வாங்க என்று ஒருத்தன் எழுதினால் பதறவேண்டிய காரியம் நடந்துவிட்டது என்று அர்த்தம். இது ஆவுடையப்பனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டிய பாடமில்லை. நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்த முப்பத்தோரு வருஷத்தில், பகலெல்லாம் எல்லைக்கல் தேடிவிட்டு மிச்ச நேரத்தில் முப்பத்தேழு பேய் நாவல் எழுதியவர் அவர். மாத நாவல். அட்டையில் ஒரு கிணறு, ஒரு கை. ஆசிரியர் பெயர் ‘ஆவி’. ஆவுடையப்பனைச் சுருக்கினால் ஆவிதானே என்று ஆபீசில் எவனோ கேலி செய்ததை அப்படியே புனைபெயராக வைத்துக்கொண்டார். கேலியைக்கூட வீணாக்காத மனுஷன்.

டிரைவர் ஏறினார், இஞ்சின் உறுமியது, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. வடிவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நாலாவது தடவை அடிக்கும்போது, யாராவது எடுத்துவிடப் போகிறார்களே என்று இருந்தது. அதென்ன புத்தி. எடுக்கவேண்டும் என்றுதானே போன் போடுவது. ஆனால் எடுத்து, அவள் குரல் கம்மிப்போய், எப்பா, உடம்பெல்லாம் போட்டிருக்கு என்று சொல்லிவிட்டால்? சொல்லாதவரை அது இன்னும் முழுசாக வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அவருடைய முப்பத்தேழு நாவலும் அப்படித்தான் முடியும். கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான், கதவு திறந்தது. அவ்வளவுதான், முற்றும். கதவுக்குப் பின்னால் என்ன நின்றது என்று ஒரு நாவலிலும் எழுதியதில்லை. வாசகர்கள் திட்டிக் கடிதம் போடுவார்கள், அடுத்த மாதமும் வாங்குவார்கள். காட்டிவிட்டால் பயம் போய்விடும் அய்யா, பல்லும் நகமும் எத்தனை நீளம் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது வெறும் பல், வெறும் நகம் என்று வாசகர் சந்திப்பில் கையை விரித்துப் பேசியிருக்கிறார். இன்னொன்றும் சொல்வார். ‘வந்தான்’ என்று எழுதாதே, ஆள் ஆம்பிளை என்று தெரிந்துபோகும், ‘வந்தாள்’ என்றால் பொம்பிளை, வாசகன் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்வான். ‘வந்தது’ என்று எழுது. என்ன வந்தது? அதைத்தான் சொல்லக்கூடாது. தமிழில் ஒரு ‘து’ போதும், போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடவைக்க. சொல்லிவிட்டு எல்லாரும் கைதட்டுவதை ஒரு சிரிப்போடு வாங்கிக்கொள்வார். இப்போது அந்த ‘து’ ‘வந்திருக்கு’ என்று வேஷம் மாற்றி வேறொருத்தன் கையிலிருந்து அவருக்கே வந்திருக்கிறது. நல்லா வேணும்.

பால்பண்ணை தாண்டி பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். நாலு சுற்றுத் தாள் போதவில்லை. ஆவுடையப்பன் பையின் வாயை இறுக்கிப் பிடித்தார். இறுக்கிய கையில் அம்மைத் தழும்பு, மணிக்கட்டுக்கு மேலே இரண்டு, பயறு அளவு. அது வந்த வருஷம் வடிவுக்கு ஆறு வயது. முதலில் அவருக்கு, மூன்றாம் நாள் செண்பகத்துக்கு. செண்பகம் படுத்த படுக்கையிலிருந்தே சொன்னாள், பிள்ளைக்கு வந்துரக்கூடாது, அவளை இங்க வைக்காதிய. உடனே அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஒரு மாசம் அங்கேயே இருந்தாள். தெருவில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வந்து போனது, அவளுக்கு மட்டும் வரவில்லை. எவ்வளவு பெருமை அவருக்கு. என் மகளை அது தொடமுடியவில்லை என்று. ஒரு தடவை வந்தால் மறுபடி பெரும்பாலும் வராது என்பார்கள். அன்றைக்கே வந்திருந்தால் நாலு நாள் அழுதிருப்பாள், நெற்றியில் ஒரு தழும்போடு போயிருக்கும். நான் ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்ததால் அது தேடிக்கொண்டு இருபத்துமூன்று வருஷம் கழித்து வந்திருக்கிறது, அதுவும் இரண்டு உயிராக இருக்கிற நேரம் பார்த்து. இது என் நாவலில் வருகிற மாதிரியல்லவா இருக்கிறது. முட்டாள். காய்ச்சலுக்கு உன் நாவலைப் படிக்க எங்கே நேரம். மருந்துக்கடை நல்லபெருமாள் ஒரு தடவை சொன்னான், வயித்துப்பிள்ளைக்காரிக்கு வந்தா நெஞ்சுல இறங்கிரும் அண்ணாச்சி, ரொம்ப கவனமா இருக்கணும். யாருக்கோ சொன்ன பேச்சு. அன்றைக்கு அதைக் காதில் வாங்கி எங்கேயோ போட்டுவைத்தது இன்றைக்கு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. போன வருஷம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிற்று. இது ஏழாம் மாதம் வரை வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. சம்பந்தியம்மாள் உசிலம்பட்டியிலிருந்து முந்தின நாள் வருவதாகப் பேச்சு. வளைகாப்பா, இனி எங்கே.

ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டது. அந்தத் தூக்கலில், இத்தனை நேரம் வெளியே நிற்கவைத்திருந்த நினைப்பு ஒன்று சட்டென்று உள்ளே வந்துவிட்டது. அம்மா வந்திருக்கு. வடிவோட அம்மா. செண்பகம். எட்டு வருஷத்துக்கு முன்னால் பத்து நாள் காய்ச்சலில் போன செண்பகம், நேற்று சாயங்காலமே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. அடுத்த நொடியே அந்தக் குளிர் வேறு மாதிரி ஆகிவிட்டது, வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று. ஆயிரம் பக்கம் செத்தவர்களைத் திரும்பி வரவைத்து ஊரைப் பயமுறுத்தியவருக்கு, சொந்தத்தில் ஒருத்தி போனபிறகு எட்டு வருஷமாக ஒரு மல்லிகை வாசம்கூட வரவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்து பார்த்திருக்கிறார், வெட்கக்கேடு, யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு டாக்டரிடம் என்ன காய்ச்சல் என்று கேட்டதற்கு, ஏதோ வைரஸ் என்றார். ஏதோ. அந்த வார்த்தையை அவர் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார், ஏதோ அசைந்தது, ஏதோ மூச்சுவிட்டது. மனைவியைக் கொண்டுபோனதற்கும் அதே பெயர்தான் என்று கேட்டபிறகு பேனாவை எடுத்தால் கை கூசியது. முப்பத்தெட்டாவது நாவல் பதினோரு பக்கத்தோடு அலமாரியில் கிடக்கிறது. பெயர் தெரிந்த நோவாக இருந்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டியாவது இருக்கலாம். செண்பகம் மனித உருவில் வரமாட்டாள், தெரியும். ஆனால் அவளைக் கொண்டுபோன அந்த ஏதோ, வீடு தெரிந்து, இந்தத் தடவை காட்டூருக்கு வந்திருக்குமோ.   கண்டக்டர், “காட்டூர் எறங்குறவங்க முன்னாடி வாங்க” என்றார்.

அப்போதுதான் மடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அம்மா இருக்கிற வீட்டுக்குள் கருவாடு. தாளிக்கிற வாசனையே ஆகாது, கடுகு வெடிக்கக்கூடாது, தெருவில் போய்வந்தவர்கள் கால் கழுவாமல் வரக்கூடாது என்று வெள்ளைச்சேலை விரித்து வைத்திருக்கிற இடத்தில், நெய்மீன் கருவாட்டோடு போய் நிற்பதா. அவருக்குச் சாமி நம்பிக்கை அப்படி ஒன்றும் பெரிதாகக் கிடையாது, பேய் நம்பிக்கை சுத்தமாகவே கிடையாது, எழுதுகிறவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனால் இன்றைக்கு எதையும் பகைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. இறங்கித் தெருவில் போடலாமா, நாய் இழுத்துக்கொண்டு பின்னாலேயே வரும். முன்சீட்டுப் பெண் பார்க்கிறாளா? பார்க்கவில்லை. பையைக் காலடியில் இறக்கி, செருப்பு நுனியால் மெல்ல சீட்டுக்கு அடியில் தள்ளினார். இன்னும் கொஞ்சம். சக்கரத்து மேட்டில் இடித்து நின்றது. திருடனைப்போல முன்வாசல் வழியாக இறங்கினார். பஸ் புகையை விட்டுப் போனது. கை காலியாக இருந்தது, ஏழு மாதப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதை பஸ்ஸோடு அனுப்பியாயிற்று.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வெயில் மட்டும் இருந்தது. பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் ரெண்டுங்கெட்டான் பகலில் சாத்திய வீடுகளுக்கு நடுவே நடந்து பார்த்ததில்லை. மூணாவது தெரு, பச்சை கேட், வேகமாகப் போகவேண்டும் என்று மனசு சொல்கிறது, கால் எல்லைக்கல் அளக்கிற மாதிரி ஒவ்வொரு அடியாக வைக்கிறது. நெஞ்சில் இறங்கியிருந்தால்? பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவா, ஆம்புலன்ஸா? தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. நிலைப்படியின் ஓரத்தில் வேப்பிலை. ஒரு கொப்பு அல்ல, கட்டாக. கொழுந்தும் குச்சியுமாக, ஈரம் சொட்டச் சொட்ட. ஆக, சந்தேகம் இருந்த கொஞ்ச இடமும் போயிற்று. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரும்பு சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை. செண்பகம், பிள்ளைக்கு வந்துரக்கூடாதுன்னு சொன்னியே, வந்துருச்சேட்டி என்று வாய்விட்டே சொன்னார். சொன்னது தனக்கே கேட்டது. அம்மா இருக்கிற வீட்டில் கதவைத் தட்டக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. தட்டாமல் கூப்பிடாமல் ஒருத்தன் எப்படித்தான் உள்ளே போவது. உள்ளே ஏதோ நகர்ந்தது. தரையில் ஈரக்கால் வைக்கிற சத்தம். நிலைப்படி வரை வந்தது. தாழ்ப்பாள் அசைந்தது.

கதவு திறந்தது.

முகமெல்லாம் மஞ்சள். நெற்றியில் காலணா அளவு குங்குமம். அவிழ்த்துவிட்ட ஈரத்தலை, ஒரு கையில் வேப்பங்கொப்பு. ஆவுடையப்பன் கைகள் இரண்டும் தாமாகவே கும்பிட எழுந்து நெஞ்சுக்கு வந்துவிட்டன. முற்றும் என்று போட்டுவிட இங்கே வழியில்லை, கதவு திறந்தபிறகும் நேரம் போய்க்கொண்டே இருந்தது, அது வாயைத் திறந்து பேசியது.

“அட வாங்கண்ணே. என்ன இந்தக் கும்புடு, நான் என்ன கோயில் சிலையா? இப்படி வேர்த்து ஊத்திப்போயி வாரீகளே, ஒரு ஆட்டோ பிடிக்கக்கூடாது?”

சம்பந்தி அங்கம்மாள். உசிலம்பட்டி அங்கம்மாள். இவர் வாயிலிருந்து மெதுவாக வந்தது, “நீங்க எப்ப வந்தீய?”

“நேத்து சாயங்காலமே வந்துட்டேனே. தொரை உங்களுக்குப் போன்ல போடலியா? அவனுக்கு ரெட்டை சிப்ட்டு, பிள்ளை தனியாக் கெடக்குமேன்னு ஒரு வாரம் முன்னாடியே கிளம்பிட்டேன்.”

“போட்டாரு. அம்மா வந்திருக்குன்னு போட்டாரு.”

“ஆமா. நான்தானே வந்திருக்கேன்.”

கல்யாண வீட்டில் பந்தியின்போது பாண்டித்துரை யாரிடமோ, அது சாப்பிட்டுச்சா, அது மாத்திரை போட்டுச்சா என்று கேட்டுக்கொண்டிருந்ததும், மாப்பிள்ளை வீட்டில் வயசான மாடு ஏதோ இருக்கிறதுபோல என்று தான் நினைத்ததும், அது அவருடைய அம்மாவைப் பற்றிய பேச்சு என்று பிறகு செண்பகத்தின் தம்பி சொல்லிச் சிரித்ததும் ஆவுடையப்பனுக்கு இப்போதுதான், இந்த வாசலில் நின்றுகொண்டு, ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில் ‘அது’ என்றால் உயிர். ‘அம்மா வந்திருக்கு’ என்றால் அம்மா வந்திருக்கு, அவ்வளவுதான். “அப்ப இந்த வேப்பிலை?” என்று கேட்டார். குரல் அழுகிற பிள்ளையின் குரல்போல இருந்தது.

“காப்புக்குண்ணே. வளையலுக்கு முன்னாடி வேப்பங்காப்புப் போடணும்ல? எங்க வீட்டு மரத்துக் குச்சிதான் வளைக்க வாகா இருக்கும், ஒடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாடாம இருக்கணுமேன்னு தண்ணி தெளிச்சு நெழல்ல வச்சிருக்கேன்.”

அவளைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், கால் கழுவவில்லை, ஒன்றும் இல்லை. கட்டிலில் வடிவு ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தலைமாட்டில் போன் சத்தமில்லாமல் கிடந்தது. ஆவுடையப்பன் அவள் கையை எடுத்தார், திருப்பினார், முழங்கை மடிப்பு வரை பார்த்தார், மற்ற கையையும் பார்த்தார், கழுத்தில் பார்த்தார். ஒரு கொசுக்கடி. ஒரே ஒரு கொசுக்கடி, இடது மணிக்கட்டில், சொறிந்து சிவந்தது. நில அளவைக்காரர் ஒரு அங்குலம் விடாமல் அளந்து பார்த்துவிட்டார், வேறு ஒன்றும் இல்லை. உடம்பு குளிர்ச்சியாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. வெறும் தோல், நல்ல தோல், செண்பகத்தின் நிறம். அவர் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த எட்டு வருஷத்தில் இப்படி உட்கார்ந்ததில்லை.

வடிவு கண்ணைத் திறந்தாள். “எப்பா, எப்ப வந்த? ஏன் கையைப் பிடிச்சிட்டு அழுத?”

“அழலட்டி. வெயிலு.”

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வடிவுக்குச் சிரித்து வயிறு குலுங்கியது, அங்கம்மாள் பயந்துபோய் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தானும் சிரித்தாள். “என்னைய அம்மைன்னு நெனச்சுப்புட்டீகளாண்ணே” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஆவுடையப்பன் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். பயம் போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கதவு திறந்தபிறகு வருகிற பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தரை துடைத்த ஈரம் இருந்தது, ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது, சம்பந்தியம்மாள் சோறு போட எழுந்துபோனாள். எழுதுவதற்கு ஒன்றுமில்லாத பக்கம். இங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

“எப்பா, கருவாடு கேட்டேனே, கொண்டாந்தியா?”

ஆவுடையப்பன் சொம்பைக் கீழே வைத்தார். “பஸ்ஸுல இருக்கு.”

“பஸ்ஸுல யாருகிட்ட?”

யாரிடமும் இல்லை என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வாடிவிட்டது. சின்ன வயதில் பலூன் பறந்துபோனபோது வாடிய அதே முகம். சமையற்கட்டிலிருந்து அங்கம்மாளின் குரல் வந்தது. “துவாக்குடி பஸ்ஸு தானேண்ணே? அங்க போயிட்டு இதே வழியாத்தான் திரும்பும். எதிர்ப்பக்கம் போயி நின்னா பிடிச்சிரலாம்.” அவர் சோறு உண்ணக்கூட நிற்கவில்லை. அதே தெரு, அதே வெயில், சாத்திய அதே வீடுகள், ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது, ஒரு வீட்டில் டிவி ஓடியது. இதெல்லாம் வரும்போதும் இருந்திருக்கும்தானே. நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்றார். ரெண்டு பஸ் வேறு பஸ். மூன்றாவதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார், முன்கண்ணாடியில் அதே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

ஏறிப் பார்த்தால் ஜனம் மொத்தமும் முன்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பின்னால் ஆறேழு வரிசை காலி. பின்சக்கரத்துச் சீட்டிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு கண்டக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தார். ஒரு பெரியவர், “தொடாதீங்க தம்பி, அது என்னன்னே தெரியல” என்றார். “செத்த வாடை அடிக்குதுங்க” என்றாள் ஒரு பெண், பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு. “ஏதோ கட்டி வச்சிருக்கானுங்க, போலீஸுக்குச் சொல்லிரலாம்” என்றார் இன்னொருத்தர். ஏதோ. ஆவுடையப்பனுக்கு அவர்கள் முகம் ஒவ்வொன்றும் தெரிந்த முகமாக இருந்தது. இத்தனை வருஷம் எழுதியும் தன் வாசகர்கள் பயப்படுவதை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு மஞ்சள் பையை வெளியே எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

“கருவாடு. நெய்மீன் கருவாடு. என் மகளுக்குக் கொண்டாந்தது.”

பஸ் முழுக்க மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும். முன்பாதியில் நசுங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் பின்னால் வந்து காலை நீட்டி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விசிலை எடுத்தார்.

“அதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா.”